செம்பருத்தி வேரில் ஊற்றச் சொன்ன மருந்து

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு கேள்வி: மார்ச் 9, 2024

மொட்டைமாடியில் பன்னிரண்டு தொட்டிகள் வைத்திருக்கிறேன். செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. நர்சரியில் கேட்டதற்கு இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். என்று ஒரு சிறு பாட்டில் கொடுத்தார்கள். "இது புகையிலையிலிருந்து எடுத்த இயற்கை மருந்து. இலையில் அடிக்க வேண்டாம். லிட்டருக்கு அரை மில்லி கலந்து வேரில் ஊற்றுங்கள், தேனீக்கு ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். பக்கத்துத் தொட்டிகளில் துளசியும் கத்தரியும் பூத்திருக்கின்றன. ஊற்றலாமா?

மார்ச் 10, காலை

ஊற்றாதீர்கள். பாட்டிலை இறுக மூடிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காரணத்தை இரவு எழுதுகிறேன்.

மார்ச் 10, இரவு

கடைக்காரர் சொன்னதில் இரண்டு தவறுகள். இந்த மருந்துக்கும் புகையிலைக்கும் தொடர்பே இல்லை. இது ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. வேரில் ஊற்றினால் தேனீக்கு ஆகாது என்பது இன்னும் பெரிய தவறு. வேரில் ஊற்றுவதுதான் பூவுக்குள் நஞ்சைக் கொண்டுசேர்க்கும் நேர்வழி. இது நீரில் கரையும், நீரோடு சேர்ந்து தண்டில் ஏறும். இலை, மொட்டு, மகரந்தம், தேன் என்று செடி எங்கெல்லாம் நீர் அனுப்புகிறதோ அங்கெல்லாம் போகும். மேலே அடித்த மருந்தை மழை கழுவும், வெயில் சிதைக்கும். உள்ளே ஏறியதை யார் கழுவுவது?

இது உருவான கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிக்கல் அந்தக் கதையிலேயே இருக்கிறது. 1970இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஃபாயர் செய்த ஒரு சேர்மம் ஷெல் நிறுவனத்தின் சோதனைக்குப் போனது. வீட்டு ஈயையும் பட்டாணி அசுவினியையும் அது இலேசாகத் தாக்கியது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் ஷெல் வேதியியலாளர்கள் நித்தியாசின் என்ற பொருளைச் செய்தார்கள். பூச்சியை நன்றாகக் கொன்றது, பாலூட்டிகளுக்குக் கேடு குறைவு. ஆனால் வயலில் நிற்கவில்லை, வெயில் பட்டதும் சிதைந்துவிட்டது. வெயிலில் சிதைகிற மருந்தை எந்த உழவர் வாங்குவார்? அதோடு அந்த முயற்சி நின்றது.

அதை மறுபடி கையில் எடுத்தவர் ஜப்பானில், பேயர் நிறுவனத்தின் கிளையில் இருந்த ஷின்ஸோ ககபு. மூலக்கூற்றில் ஒரு குளோரோபிரிடின் வளையத்தைச் சேர்த்தார், வெயிலை உறிஞ்சிச் சிதையும் பகுதியை மாற்றினார். 1985இல் இமிடாகுளோபிரிட் பிறந்தது, 1991இல் சந்தைக்கு வந்தது. பின்னால் வரிசையாக அசிட்டாமிப்ரிட், நைட்டென்பைராம், தயாமீதாக்சம், தயாகுளோபிரிட், குளோத்தியானிடின், டைனோடெஃப்யூரான். பெயர் வேறு வேறு, குடும்பம் ஒன்று.

வேதியியலில் அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. வயலில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தேடிய குணம். அந்தக் குணம் இன்று உங்கள் பாட்டிலில் இருக்கிறது.

மார்ச் 12

"இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறீர்களே, உங்களுக்கு ஏதாவது நடந்ததா?" என்று கேள்வி கேட்ட அல்சூர் தம்பி எழுதியிருக்கிறார். நடந்தது.

2019 பிப்ரவரி. வித்யாரண்யபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு நீல டிரம்மில் முருங்கை வைத்திருந்தேன். அதே டிரம்மில் அவரைக்கொடி ஏற்றி முருங்கையின் மேலேயே படரவிட்டிருந்தேன். அவரையில் அசுவினி கறுப்பாக மொய்த்தது. எனக்கும் ஒரு கடையில் இதே பாட்டில், இதே சொற்கள். ஊற்றினேன். ஒரு வாரத்தில் அசுவினி ஒன்றுகூட இல்லை. அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் அதன் பெருமையைச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து முருங்கை பூத்தது. முருங்கைப் பூவுக்கு எங்கள் மாடியில் எப்போதும் கூட்டம்: அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, வெயில் ஏறியதும் கருநீல நிறத்தில் தச்சுவண்டு. அந்த முறை காலை எட்டு மணிக்குத் துணி உலர்த்தப் போனேன். டிரம்மைச் சுற்றித் தரையில் தேனீக்கள் கிடந்தன. எல்லாம் இறந்துவிடவில்லை. சில மல்லாந்து கிடந்து கால்களை உதறின. சில எழுந்து பறக்கப் பார்த்து வட்டமடித்து விழுந்தன. நாக்கு வெளியே நீண்டிருந்தது. ஒன்றைத் தாளில் ஏந்திச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். குடிக்கத் தெரியவில்லை அதற்கு. தண்ணீருக்குப் பக்கத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

நான்கு நாட்களில் நாற்பத்திரண்டு எண்ணினேன். ஐந்தாம் நாள் முருங்கையைப் பூவோடு வெட்டினேன். முப்பது ஆண்டு உயிரியல் பாடம் நடத்தியவள் நான். நீர் தண்டில் ஏறுவதைக் காட்டக் காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மையில் நிறுத்தி எத்தனை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! அந்தச் சிவப்பு கோடுகோடாக ஏறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிய கைதான் டிரம்மில் ஊற்றியது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

மார்ச் 13

ஒரு திருத்தம். "புகையிலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை" என்று எழுதியது மிகை. புகையிலையிலிருந்து எடுத்ததில்லை, அது உண்மை. ஆனால் நிகோட்டின் பூச்சியின் நரம்பில் எந்த இடத்தில் போய் உட்காருகிறதோ அதே இடத்தில்தான் இதுவும் உட்காருகிறது. அதனால்தான் "புது நிகோட்டின் வகை" என்று பொருள்படும்படி நியோனிகோட்டினாய்டு என்று பெயர். அந்தப் பெயரை முன்வைத்தவர் ஜப்பானிய அறிஞர் இசுரு யமமோட்டோ.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். தாத்தா புகையிலைத் தண்டையும் நரம்பையும் ஊறவைத்துக் கொதிக்கவைத்து, பார் சோப்பு கரைத்துக் கத்தரிக்கு அடிப்பார். அந்தக் கஷாயம் அடித்த அன்று அவருக்குத் தலைசுற்றும், சாப்பாடு இறங்காது. நிகோட்டின் மனிதனுக்கும் கொடிய நஞ்சு. எலியைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் போதும். இமிடாகுளோபிரிட் என்றால் ஏறக்குறைய 450 மில்லிகிராம் வேண்டும். ஆக, இயற்கையானது மென்மையானது, செயற்கையானது கொடியது என்ற கணக்கு இங்கே மனிதனைப் பொறுத்தவரை தலைகீழ்.

மார்ச் 17

பூச்சிக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியிடுகிறது. அது எதிர்ப்பக்கத்து ஏற்பியில் பொருந்தியதும் செய்தி போகும். உடனே ஒரு நொதி வந்து அதைச் சிதைத்து இடத்தைக் காலி செய்யும். இமிடாகுளோபிரிட் அதே ஏற்பியில் பொருந்துகிறது, ஆனால் அந்த நொதியால் இதைச் சிதைக்க முடியாது. நரம்பு ஓயாமல் துடிக்கும், பிறகு ஓய்ந்துவிடும். நான் தரையில் பார்த்த நடுக்கம் அதுதான்.

நமக்கும் அதே வகை ஏற்பி உண்டு, ஆனால் அமைப்பில் சிறு வேறுபாடு. இம்மருந்தின் மூலக்கூற்று நுனியில் எதிர்மின் தன்மை இருக்கிறது. பூச்சியின் ஏற்பியில் அதைப் பற்றிக்கொள்ள நேர்மின் இடம் இருக்கிறது, நம்முடையதில் அப்படிப் பொருந்துவதில்லை. நிகோட்டின் நேர்மாறு: நம் ஏற்பியை இறுகப் பிடிக்கும். அந்தச் சிறு வேறுபாட்டின் மேல்தான் இந்த மருந்துக் குடும்பத்தின் வணிகம் முழுதும் நிற்கிறது.

அந்த இடம் அசுவினிக்கு இருப்பது போலவே தேனீக்கும் இருக்கிறது, பொறிவண்டுக்கும் இருக்கிறது. மனிதனையும் பூச்சியையும் பிரித்தறியும் மருந்துக்கு, பூச்சிக்கும் பூச்சிக்கும் வேறுபாடு தெரியாது.

ஒரு கணக்கு. வாய்வழியாக ஒரு தேனீயைக் கொல்லும் அளவு ஏறக்குறைய 4 நானோகிராம் (ஒரு மில்லிகிராமில் பத்து லட்சம் நானோகிராம்). உங்கள் பாட்டிலில் அரை மில்லிக்குள் 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: இரண்டரைக் கோடித் தேனீக்களுக்கான அளவு, ஒரு லிட்டர் குவளையில்.

மார்ச் 18

மேலே உள்ள கணக்கில் சொல்லை இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். 4 நானோகிராம் என்பது சோதனையில் பாதித் தேனீக்கள் இறந்த அளவு. ஐரோப்பிய மதிப்பீட்டில் 3.7 என்று இருக்கிறது. வேறு சோதனைகளில் இதைவிடப் பல மடங்கு அதிகமாகவும் வந்திருக்கிறது. மேலும், ஊற்றியது முழுவதும் பூவுக்குப் போவதில்லை. விதையில் பூசிய மருந்தில் பயிர் எடுத்துக்கொள்வது 2 முதல் 20 விழுக்காடு வரைதான். மீதி மண்ணில்.

இப்படி எழுதும்போது நிம்மதியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மீதி மண்ணில் என்றால், நீரில் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதையும் பொருள், இருட்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் இருக்கும், சில மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

மார்ச் 20

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் (ஜி.கே.வி.கே.) படிக்கும் மாணவி ஒருவர் கேட்டது: "2019இல் அந்தத் தேனீக்களைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா? இல்லையென்றால் மருந்துதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். அனுப்பவில்லை. அந்த வாரம் தெருவில் கொசுப்புகை வண்டியும் வந்துபோனது, அதை முன்பு எழுதாமல் விட்டேன். புகையில் இறந்திருந்தால் மாடி முழுக்கச் சிதறிக் கிடந்திருக்க வேண்டும். கிடந்தது முருங்கைக்கு அடியில் மட்டும். ஐந்தாம் நாள் மரத்தை வெட்டியதும் நின்றது. எனக்கு ஐயமில்லை. ஆனால் இது மாடியில் நின்று பார்த்தவளின் சான்று, ஆய்வுக்கூடச் சான்று இல்லை. அதற்குரிய எடையை மட்டும் கொடுங்கள்.

மார்ச் 24

ஆய்வுக்கூடச் சான்று கேட்டவர்களுக்கு.

1990களின் நடுவில் பிரான்சின் சூரியகாந்தி வயல்களுக்குக் கூடு கொண்டுபோன தேனீ வளர்ப்போர்தான் முதலில் குரல் கொடுத்தவர்கள். தேனீ கூட்டில் செத்துக் கிடக்கவில்லை, போனது திரும்பவில்லை என்றார்கள். 1999இல் அங்கே சூரியகாந்தி விதையில் இமிடாகுளோபிரிட் பூசுவது நிறுத்தப்பட்டது. 2008இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் மக்காச்சோள விதைப்பின்போது விதையில் பூசிய குளோத்தியானிடின் தூசாகப் பறந்து 11,000க்கும் மேற்பட்ட கூடுகளைத் தாக்கியது.

என் மனதை அதிகம் பிடித்தது 2012இல் பிரான்சில் மிக்கேல் ஆன்ரி குழு செய்த சோதனை. 653 தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய அடையாளச் சில்லுகளை ஒட்டினார்கள். கொல்லாத அளவில், 1.34 நானோகிராம் தயாமீதாக்சம் கலந்த சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்துக் கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் விட்டார்கள். கூட்டு வாசலில் இருந்த கருவி திரும்பி வருவோரைக் கணக்கெடுத்தது. மருந்து குடித்தவற்றில், குடிக்காதவற்றைவிடக் கூடுதலாக 10 முதல் 30 விழுக்காடு வீடு திரும்பவில்லை. மலையும் மரமும் புதிதாக இருந்த இடத்தில் இழப்பு அதிகம், பழகிய வழியில் குறைவு. அதாவது அவை நஞ்சில் சாகவில்லை, வழி மறந்தன.

அதே ஆண்டு பிரிட்டனில் இமிடாகுளோபிரிட் கொடுத்த பம்பிள் தேனீக் கூடுகளில் புது இராணிகள் 85 விழுக்காடு குறைந்தன. அடுத்த ஆண்டு, தேனீ மூளையில் மணத்தையும் நினைவையும் கையாளும் காளான் வடிவப் பகுதியின் நரம்பணுக்களை இம்மருந்துகள் செயலிழக்கச் செய்வதைக் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்தக் குடும்பத்து மூன்று மருந்துகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது, 2018இல் கண்ணாடிக்கூடங்களுக்கு வெளியே முழுத் தடை.

இன்னொன்று, 2015இல் வந்தது. மருந்து கலந்த சர்க்கரைக் கரைசலையும் கலக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேனீக்கள் விலகிப் போகவில்லை. மருந்தின் சுவை அவற்றுக்குத் தெரியவில்லை. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் இரண்டிலும் கலந்ததையே அதிகம் குடித்தன. "பூவில் நஞ்சு இருந்தால் தேனீயே ஒதுங்கிக்கொள்ளும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஒதுங்காது ஐயா.

மார்ச் 25

செடிக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று இந்த மாதம் பெங்களூருக் குடிநீர் வாரியம் அறிவித்தது. அரிசி கழுவிய நீர், துணி அலசிய கடைசி நீர் இரண்டையும் வாளியில் பிடியுங்கள். அதிலிருந்து அரிசி கழுவிய நீரைக் கொஞ்சம் அகன்ற தட்டில் ஊற்றிக் கூழாங்கல் போட்டு வையுங்கள். இந்த வறட்சியில் தேனீக்கள் ஏ.சி. குழாய் சொட்டும் இடத்தில் வரிசையில் நிற்கின்றன.

மார்ச் 31

"சமையலறையில் கரப்பானுக்கு வைக்கும் ஜெல்லிலும் இமிடாகுளோபிரிட் என்று போட்டிருக்கிறதே?" ஆமாம், சில வகைகளில் இருக்கும். வீடு கட்டும்போது கரையானுக்கு அடித்தளத்தில் ஊற்றுவதிலும் உண்டு. அலமாரி இடுக்கில் வைத்த பொட்டு ஜெல் பூவுக்குப் போகாது. அதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

ஏப்ரல் 7

அண்ணனிடம் பேசினேன். ஊரில் பருத்தியும் கொஞ்சம் நெல்லும் போடுகிறார். நான் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்பட்டார். அந்தக் கோபத்தை இங்கே வைப்பதுதான் நேர்மை.

"நீ மாடியில் தொட்டி வைத்துக்கொண்டு பேசுகிறாய். மோனோகுரோட்டோபாஸ் அடித்துவிட்டு வரப்பில் மயங்கி விழுந்தவன் நான். வாயில் நுரை வந்து என்னை வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். விதையிலேயே மருந்து வந்த பிறகு முதல் மாதம் தத்துப்பூச்சிக்கு நான் தெளிப்பான் தூக்குவதே இல்லை."

பதில் சொல்ல முடியவில்லை. பருத்தி விதை இப்போது வண்ணம் பூசி, இமிடாகுளோபிரிட் பூசித்தான் பாக்கெட்டில் வருகிறது. பூசாத விதை கேட்டால் கடையில் கிடைப்பதில்லை என்கிறார். பழைய நஞ்சுகள் தெளித்தவனையே கொன்றன. அந்த இடத்தில் இது வந்தது அவருடைய உயிருக்கு நல்லதுதான்.

ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். நெல்லில் புகையான் என்ற பூச்சிக்கு முன்பெல்லாம் இது நன்றாகக் கேட்டதாம், இப்போது கேட்பதில்லையாம். ஆசியா முழுக்க 2000களின் தொடக்கத்திலிருந்தே புகையான் இமிடாகுளோபிரிட்டுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. பூச்சி வருமோ வராதோ, விதையிலேயே நஞ்சைப் பூசி விதைத்தால், எல்லா வயலிலும், எல்லாப் பருவமும், அதே மருந்து. தாங்கும் பூச்சி தேர்ந்து பெருகத்தானே செய்யும்? எனக்கு இப்போது தோன்றுவது இது: மருந்தைவிட, தேவை வருமுன் எல்லா இடத்திலும் போட்டுவைக்கும் வழக்கத்தின் மேல்தான் என் சண்டை. அண்ணனோடு எனக்குச் சண்டை இல்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்க மல்லேஸ்வரம் வரை போனேன், எங்கள் தெருவில் வேம்பு இல்லை. வழியில் ஒரு புங்கமரம் முழுப் பூவில் நின்றது, கீழே தரை வெளிர் ஊதாவாக உதிர்ந்து கிடந்தது. மேலே இரைச்சல், மரமே பாடுவது போல. மலைத்தேனீ. எதிர் அடுக்குமாடியின் ஏழாம் மாடிச் சன்னலடியில் அதன் கூடு தொங்குவது தெரிந்தது. காவலாளியிடம் விசாரித்தேன்: "அடுத்த வாரம் ஆள் வந்து மருந்தடித்து எடுத்துவிடுவார்கள்."

அந்தக் கூட்டம் பூக்காலம் முடிந்தால் தானே கிளம்பிவிடும். பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் இனம். அந்தக் குடியிருப்பின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 21

பெரிய திருத்தம். அல்சூர் தம்பி தனியே கேட்டபோது, "பூக்காத செடி என்றால் ஊற்றிக்கொள்ளலாம், அதில் தேனீக்கு என்ன வேலை" என்று சொல்லியிருந்தேன். அது தவறு.

மாவுப்பூச்சியும் அசுவினியும் செடிச்சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கழிவை இலையில் சொட்டுகின்றன. எறும்பு மொய்ப்பது அதற்குத்தான். 2019இல் ஸ்பெயினில் எலுமிச்சை வகைச் செடிகளில் சோதித்தார்கள். தயாமீதாக்சம் கொடுத்த செடியில், சாகாமல் எஞ்சிய மாவுப்பூச்சியின் அந்தக் கழிவைக் குடித்த மலர் ஈக்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும் இறந்தன. இமிடாகுளோபிரிட் கொடுத்த செடியில் மலர் ஈக்களுக்குக் கேடு வந்தது. அந்தக் குளவி எது தெரியுமா? மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்வது. நம் பக்கம் நின்று சண்டை போடும் உயிர். ஒரு பூகூட இல்லாமலே நஞ்சு அதைப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆகவே பூக்காத செடிக்கும் வேண்டாம். முன்பு சொன்னதை எடுத்துவிடுகிறேன்.

ஏப்ரல் 22

என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கு: பழைய பல்துலக்கியால் மாவைத் தேய்த்து எடுங்கள். மோசமான கிளையை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, அதில் கரையக் கொஞ்சம் சோப்பு, மாலை வெயில் இறங்கியதும் இலையின் அடிப்பக்கம் படும்படி. வாரம் ஒருமுறை, நான்கு வாரம். எறும்பு ஏறாதபடி தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது பாதி வேலையை முடித்துவிடும். எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல்.

மே 12

ஒருவழியாக மழை வந்தது. அல்சூர் தம்பி எழுதியிருக்கிறார்: செம்பருத்தியில் இரண்டு கிளை போனது, மீதியில் புதுத் தளிர். பொறிவண்டின் குஞ்சுகள் இரண்டைப் பார்த்தாராம், முதலை போல இருக்கிறது என்று பயந்து தட்டிவிட்டாராம். தம்பி, அதுதான் மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது! அடுத்த முறை விட்டுவிடுங்கள். பாட்டிலை இன்னும் திறக்கவில்லை என்கிறார். சாக்கடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

மே 19

"அந்த நீல டிரம் என்ன ஆயிற்று?" என்று மாணவி கேட்டிருக்கிறார். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை.

மண்ணோடு அப்படியே இருக்கிறது. கொட்ட இடம் தெரியவில்லை. பூங்காவில் கொட்டினால் அங்கே ஏதாவது பூக்கும், காலி மனையில் கொட்டினால் மழையில் ஏரிக்கு ஓடும். பூவே வராத செடி என்று பெரணி வைத்தேன். நன்றாகத் தழைத்து டிரம்மை மூடிவிட்டது. ஏப்ரல் 21 அன்று அந்தத் திருத்தத்தை எழுதிய இரவே விளக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பெரணியின் அடியிலையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். நடுத்தண்டில் வரிசையாகச் செதில்பூச்சி, அதன் மேல் எறும்பு. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஈரத்துணியால் துடைக்கிறேன்.

ஐந்து ஆண்டு ஆகிவிட்டது, இனி துளசி வைக்கலாம் என்கிறார் என் கணவர். மாணவி அவருடைய துறையில் மண்ணைச் சோதிக்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஒரு டப்பாவில் மேல்மண்ணும் அடிமண்ணும் தனித்தனியாக எடுத்து, தேதி எழுதி வைத்திருக்கிறேன்.